மைசூர் அரசரும் மெத்னரின் கதைகளும்

ருஷ்ய இசையமைப்பாளர் நிகலாய் மெத்னர் தம் படைப்புகளைத் தாமே வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டுகளில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்ததற்குக் காரணம், மைசூர் அரசர் ஜயசாமராஜேந்திர உடையார் அளித்த பொருளுதவி. மேலை இசை வரலாறுகளில் இச்செய்தி பெரும்பாலும் ஒரு வியப்புக் குறிப்பாகவே வந்துபோகிறது. வறுமையில் ஒரு கலைஞர், தொலைதூரத்தில் ஓர் இந்திய அரசர், எதிர்பாராமல் வந்த கொடை என்ற அளவில் கதை முடிந்துவிடுகிறது. அந்தப் பொருளைக் கொண்டு அரசர் உண்மையில் எதை ஆதரித்தார் என்னும் வினா எழுவதில்லை.

மெத்னர் 1880இல் மாஸ்கோவில் பிறந்தவர். புரட்சிக்குப் பின், 1921இல், நாட்டை விட்டு வெளியேறி, ஜெர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்து, 1930களின் நடுவில் லண்டனில் குடியேறினார். நவீன இசையின் போக்கை அவர் ஏற்கவில்லை. 1935இல் வெளியான தம் நூலில் அதை வெளிப்படையாகவே மறுத்தார். அதனால் புதுமை நாடியவர்களுக்கு அவர் பழமைவாதியாகத் தோன்றினார்; ராக்மனினோவை விரும்பிய பொதுமக்களுக்கோ எளிதில் வசப்படாதவராக இருந்தார். அந்த ராக்மனினோவ் தம் நான்காம் பியானோ கன்செர்ட்டோவை மெத்னருக்கே காணிக்கையாக்கினார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மெத்னரின் இசையில் தனியிடம் பெறுபவை ‘ஸ்காஸ்கி’ எனப்படும் சிறு பியானோ படைப்புகள். ஆங்கிலத்தில் இவற்றைத் தேவதைக் கதைகள் என்னும் பொருள்பட வழங்குகின்றனர். ருஷ்யச் சொல்லிலோ தேவதை எவரும் இல்லை. சொல்லுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. நம் ‘கதை’ அதற்கு இன்னும் நெருக்கமானது. படைப்பெண் 51இன் கதைகள் சிண்டரெல்லாவுக்கும், ருஷ்ய நாட்டார் கதைகளின் ‘முட்டாள் இவான்’ என்னும் பாத்திரத்துக்கும் காணிக்கையாக்கப்பட்டவை. ஆயினும் இவ்விசை எந்தக் கதையின் நிகழ்ச்சிகளையும் வரிசையாக வருணிப்பதில்லை. கதை சொல்பவரின் குரல் தாழ்வதும், விரைவதும், ஓரிடத்தில் தயங்குவதுமே அதன் பொருள்.

அத்தயக்கத்தை இசைக்குறியீட்டால் முழுமையாக எழுதிவிட முடியாது. இசையமைப்பாளரே வாசித்த ஒலிப்பதிவு வரலாற்றுச் சான்றாக மதிப்புப் பெறுவது இதனால்தான். 12 அங்குல 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய நான்கரை நிமிடம் ஓடும். கன்செர்ட்டோ போன்ற நெடும்படைப்புகளைப் பல பக்கங்களாக வெட்டியே அதில் பதிய முடிந்தது. குறுங்கதைகளோ ஒரு பக்கத்துக்குள் முழுமையாக அடங்கின. நாடாவில் வெட்டி ஒட்டும் முறை பரவாத காலம் அது. ஒரு பிழை நேர்ந்தால் அப்பக்கம் முழுவதையும் மறுபடி வாசிக்க வேண்டும். 1942இல் மாரடைப்புக்கு ஆளாகி, அறுபத்தேழு வயதை எட்டிய ஒருவர் 1947இல் இதைச் செய்தார் என்பதை மறக்கலாகாது. நாம் கேட்பது இளம் மெத்னரின் விரல்களை அன்று; தம் படைப்புகளோடு நெடுங்காலம் வாழ்ந்த ஒருவரின் இறுதித் தீர்ப்பை. சான்றின் வலிமையும் எல்லையும் அதுவே.

1919இல் பிறந்த உடையார் மேலை இசையை முறையாகப் பயின்றவர், பியானோ வாசித்தவர், கர்நாடக இசையில் ‘ஸ்ரீவித்யா’ முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றியவர். அவருடைய கொடையால் லண்டனில் மெத்னர் சங்கம் உருவானது. மூன்று கன்செர்ட்டோக்களும், பாடல்களும், கதைகள் உள்ளிட்ட தனிப் பியானோ படைப்புகளும் எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக மூன்று தொகுதிகளில் வெளிவந்தன. மெத்னர் தம் மூன்றாம் கன்செர்ட்டோவை அரசருக்குக் காணிக்கையாக்கினார். அரசவைப் புரவலர் மரபில் கலைஞர் அரசர் முன் பாடுவார். அரசர் கேட்டுப் பரிசளிப்பார். இங்கோ கலைஞர் வாசித்தது லண்டனில். இசைத்தட்டை விலைகொடுத்து வாங்கும் எவரும் அதைக் கேட்கலாம். அரசர் ஆதரித்தது ஒரு கச்சேரியை அன்று, ஒரு கலைஞரின் வாசிப்பு அவருக்குப் பின்னும் நிலைப்பதை.

இதை நன்றியோடு மட்டும் எழுதிவிட்டால் அது வரலாறாகாது. அதே 1947இல் பொறுப்பாட்சி கோரி மைசூர் மக்கள் போராடினர், அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்தது. அரச குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி அப்போராட்டத்துக்கு வெளியே நிற்பதன்று. குடிகளின் உழைப்பில் திரண்ட செல்வம், அவர்களில் பெரும்பாலோர் பெயரும் கேட்டிராத ஓர் இசைக்குச் சென்றது. அச்செலவு காத்துத் தந்ததோ இன்று உலகின் பொதுச் சொத்தாகிவிட்டது. இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது.

மெத்னர் 1951 நவம்பரில் லண்டனில் மறைந்தார். அவர் மனைவி அன்னா பின்னர்ச் சோவியத் நாடு திரும்பினார். 1959 முதல் 1963 வரை மாஸ்கோவில் அவருடைய படைப்புகள் 12 தொகுதிகளாக அச்சேறின. உடையாரோ முடியாட்சி மறைந்தபின் மைசூர் மாநில ஆளுநராகவும், 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராகவும் பணியாற்றினார். கலைஞர் விட்டுச் சென்ற எழுத்தைச் சோவியத் அரசு காத்தது. அவருடைய வாசிப்பின் பெரும்பகுதியைக் காத்தது, தன் ஆட்சியே முடிவுக்கு வந்துகொண்டிருந்த ஒரு சமஸ்தானம். கேட்க விரும்பும் நண்பர்கள் கன்செர்ட்டோவில் தொடங்க வேண்டாம். ஒரு கதையில் தொடங்குங்கள். பழைய தட்டின் இரைச்சலுக்குச் செவி பழகச் சற்று நேரமாகும். அதன்பின் அவர் சொல்லத் தொடங்குவார்.