ஒலிப் பெட்டிகள் (மாண்டிசோரி கல்வி)

மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் காதால் மட்டுமே பிரித்தறியப் பழகுவதற்காக மாண்டிசோரி பள்ளிகளில் பயன்படும் கருவி ஒலிப் பெட்டிகள். மரப்பெட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு மர உருளைகள். ஒரு பெட்டியின் உருளைகளுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி. உள்ளே மணல், தானியம், மணி என்று வெவ்வேறு பொருள் இட்டு, திறக்க முடியாதபடி அடைத்திருப்பார்கள். குலுக்கினால் ஒன்று கடகடவென்று அதிரும்; இன்னொன்று காதருகே கொண்டுபோனால்தான் கேட்கும். சிவப்பு ஒவ்வொன்றுக்கும் நீலத்தில் ஓர் இணை உண்டு.

பாத்திரம் விழும் சத்தத்துக்குக் கைக்குழந்தையும் திடுக்கிடும். எனவே காதுக்கு இங்கே புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை. பழக்க வேண்டியது வேறு: கேட்ட ஒலியை நினைவில் வைத்து அடுத்த ஒலியோடு ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது, அதற்குப் பெயர் சொல்வது. ஒலியின் உரப்பு அலையின் வீச்சைப் பொறுத்தது. சுருதி அதிர்வெண்ணைப் பொறுத்தது. இந்தப் பிரிவு சின்னக் குழந்தைக்கு எளிதில் வசப்படாது. கீச்சுக்குரலை ‘சத்தம்’ என்றும், கனத்த குரலை ‘சின்னச் சத்தம்’ என்றும் சொல்லிவிடும். மத்தளத்தைச் சத்தமில்லாமல் தட்டச் சொன்னால் தட்டும் வேகத்தையும் சேர்த்தே குறைக்கும்.

இந்தப் பயிற்சியின் வேர் பாரிஸில் இருக்கிறது. தென் பிரான்சின் அவேரோன் பகுதியில் பிடிபட்ட, பின்னர் விக்டர் என்று பெயரிடப்பட்ட சிறுவன் 1800-இல் பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டான். காதுகேளாதோர் நிறுவனத்தின் மருத்துவர் இத்தார் அவனைப் பயிற்றும் பொறுப்பை ஏற்றார். அருகில் துப்பாக்கி வெடித்தும் பெரிதாகப் பொருட்படுத்தாத அவன், அக்ரூட் கொட்டை உடைபடும் சிறு ஓசைக்கு உடனே திரும்பினான். காது செவிடு இல்லை. தனக்கு வேண்டிய ஒலிகளை மட்டுமே அது பொருட்படுத்தியது. இத்தார் அவன் கண்ணைக் கட்டிவிட்டு, மணியோசையையும் முரசோசையையும் பிரித்தறியப் பழக்கினார். பிறகு படிப்படியாக நெருக்கமான ஒலிகளுக்குக் கொண்டுபோனார். அவருடைய மாணவர் செகுவின் வழியாக இந்த முறை, 1907-இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரியை (1870–1952) வந்தடைந்தது. 1912-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நூலிலேயே மணலோ கூழாங்கல்லோ இட்டுக் குலுக்கும் சிறு பெட்டிகள் பேசப்படுகின்றன.

பாடம் முதலில் முரண்பட்ட இரண்டு உருளைகளோடு தொடங்குகிறது. ஆசிரியர் ஒன்றைக் காதருகே குலுக்கி ‘இது சத்தமானது’ என்பார், மற்றதை ‘இது மெல்லியது’ என்பார். அடுத்து ‘மெல்லியது எது, காட்டு’ என்று கேட்பார். கடைசியாக ஒன்றை நீட்டி ‘இது எப்படி?’ என்பார். செகுவினிடமிருந்து பெற்ற மும்முறைப் பாடம் இது. பின்னர் குழந்தை ஒரு சிவப்பு உருளையைக் குலுக்கிக் கேட்டு, நீலத்தில் அதன் இணையைத் தேடும். ஆறு இணைகளும் சேர்ந்த பின் ஒரே நிறத்து ஆறையும் சத்தம் குறையும் வரிசையில் அடுக்கும். சரியா தவறா என்பதை அடியில் உள்ள குறியைப் புரட்டிப் பார்த்துத் தானே தெரிந்துகொள்ளும்.

கருவியில் ஒரு குறை உண்டு. மணலும் மணியும் உரப்பில் மட்டுமல்ல, ஒலியின் தன்மையிலும் வேறுபடுகின்றன. ஆகவே இணை சேர்க்கும் குழந்தை உரப்பைக் கவனிக்காமல் ‘இது மணல் சத்தம்’ என்று அடையாளம் கண்டே சேர்த்துவிடலாம். உருளையின் கனமும் காட்டிக்கொடுக்கும். உரப்பறிவை உண்மையில் சோதிப்பது வரிசைப்படுத்தும் கட்டம்தான். அதிலும் எல்லா உருளைகளையும் ஒரே விசையில் குலுக்க வேண்டும். வேகமாக ஆட்டினால் அரிசியும் கல்லாகும். அதனால் குலுக்கும் கையைப் பழக்குவதும் பாடத்தில் பாதி.

இதன் துணைப் பயிற்சி மௌன விளையாட்டு. குழந்தைகள் அசையாமல் அமர்ந்திருக்க, ஆசிரியர் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயரைக் கேட்டவர் ஓசைப்படாமல் எழுந்து போக வேண்டும். தொடக்க நாட்களில் இதற்கு மாண்டிசோரி மிட்டாய் தர முன்வந்தாராம், குழந்தைகள் வாங்கிக்கொள்ளவில்லையாம். ‘சத்தம் போடாதே’ என்று அதட்டி வாங்கும் அமைதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மாண்டிசோரி முறைக்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின்பேரில் 1939-இல் அங்கே வந்த மாண்டிசோரி, ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்தினார். இரண்டாம் உலகப்போரில் இத்தாலி இறங்கியதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் தங்கினார். அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில்.

ஒலிப் பெட்டிகளை விலைகொடுத்து வாங்காமல் வீட்டிலும் அங்கன்வாடியிலும் செய்துகொள்ளலாம். உள்ளிருப்பது தெரியாத, ஒரே அளவு டப்பாக்களில் ரவை, அரிசி, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, புளியங்கொட்டை என்று மூன்றில் ஒரு பங்கு நிரப்பினால் போதும். மூடியைப் பசைபோட்டு ஒட்டிவிட வேண்டும். பருப்பும் கொட்டையும் மூக்கிலோ காதிலோ தொண்டையிலோ சிக்குவது இந்த வயதில் சகஜம்.

ஒலிப் பெட்டி செவித்திறன் சோதனை ஆகாது. கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல், சாதாரணப் பேச்சு 60. நடுக்காதில் நீர் கோத்திருக்கும் குழந்தை பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லிவிடும், மெல்லிய உருளைகளில் மட்டும் தடுமாறும். அது கவனக்குறைவாகத் தோன்றும். திரும்பத் திரும்ப அப்படி நேர்ந்தால் செவியியல் நிபுணரிடம் காட்டுவது நல்லது. அவர் செய்யும் சோதனையும் விளையாட்டாகவே இருக்கும்: ஒலி கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு கட்டையைக் கூடையில் போட வேண்டும்.