சிசுவின் இருதயமும் சிகிச்சையின் காலமும்

தலைநகரில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மிடம், அக்கம்பக்கத்துத் தமிழன்பர்கள் ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதிய காகிதங்களைக் கொணர்ந்து பொருள் கேட்பதுண்டு. ஒரு நாள் மாலை ஒரு தம்பதியர், பிறந்து மூன்று மாதமே ஆன தம் குழந்தையின் மருத்துவச் சீட்டுடன் வந்தனர். குழந்தையின் இருதயத்தில் பெரிய துவாரம் இருக்கிறதென்றும், ஆறு மாதம் கழித்து அறுவைச் சிகிச்சைக்கு வரவேண்டுமென்றும் யாரோ அவர்களுக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதற்கிடையில் ஊருக்குப் போய்ப் பாட்டி வீட்டில் குழந்தையைச் சற்றுத் தேற்றி வரலாமா என்பதே அவர்கள் கேள்வி. சீட்டை வாங்கிப் பார்த்தோம். ‘ஆறு மாத வயதுக்குள்’ என்றே அதில் எழுதியிருந்தது.

‘கழித்து’ என்பதை ‘உள்’ என்று திருத்துவது மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு கணத்து வேலை. ஆனால் மருத்துவ உலகம் அந்த ‘உள்’ என்னும் சொல்லை வந்தடைய ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. அந்த வரலாற்றை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் சுமார் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கின்றன. 1938-ஆம் ஆண்டு வரை இக்குறைகளுக்கு மருத்துவரிடம் பெயர் இருந்ததேயன்றிப் பரிகாரம் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் 26-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ராபர்ட் கிராஸ் என்னும் இளம் அறுவை மருத்துவர், தம் தலைமை மருத்துவர் ஊரில் இல்லாத சமயத்தில், ஏழு வயதுச் சிறுமியின் மார்பைத் திறந்தார். கருவில் இருக்கையில் பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்து நிற்கும் சிறு குழாய் ஒன்று உண்டு. பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ள வேண்டிய அக்குழாய், அச்சிறுமிக்கு மூடவில்லை. கிராஸ் அதனைக் கட்டி அடைத்தார், சிறுமி பிழைத்தாள். பிறவி இருதயக் குறையைக் கத்தி கொண்டு தீர்க்கலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் அவள் ஏழு வயதுக் குழந்தை. கைக்குழந்தையின் இருதயத்தைத் தொட அப்போது யாரும் துணியவில்லை.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாஸிக் என்னும் பெண் மருத்துவர் நீலம் பாரித்த குழந்தைகளைக் கவனித்து வந்தார். செவிப்புலன் குன்றியிருந்தமையால் விரல்களைக் கொண்டே இருதயத் துடிப்பை ஆராய்ந்தவர் அவர். நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாமையே அக்குழந்தைகளின் நீலத்துக்குக் காரணம். ஆகவே கிராஸ் அடைத்த குழாயைப் போன்ற வழியொன்றைப் புதிதாக அமைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். ஆல்ஃபிரெட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவர் அப்பணியை ஏற்றார். கல்லூரிப் படிப்புக்கு வாய்ப்பற்றுப்போன கறுப்பினத்தவரான விவியன் தாமஸ், ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அம்முறையைச் சோதித்துச் செம்மை செய்தார். 1944 நவம்பர் 29 அன்று பதினைந்து மாதக் குழந்தை ஒன்றுக்கு முதல் சிகிச்சை நடந்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னே நின்று யோசனை கூறியவர் தாமஸே. குழந்தை அறுவையைத் தாங்கிற்று. எனினும் சில மாதங்களுக்குப் பின் இறந்துபோயிற்று. அடுத்து வந்த குழந்தைகள் பலர் நீலம் நீங்கி உலவினர். ஆனால் இது குறையைத் திருத்தும் சிகிச்சையன்று. திருத்தும் நாள் வரும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சையே.

குறையைத் திருத்த வேண்டுமானால் இருதயத்தைத் திறந்தாக வேண்டும். திறந்திருக்கும் வேளையில் உடலுக்கு இரத்தத்தை வேறு எதுவோ செலுத்தியாக வேண்டும். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், தாம் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வெற்றி கண்டார். ஆனால் அவர் சிகிச்சை செய்த சிறு குழந்தைகள் பிழைக்கவில்லை. மனமுடைந்து அம்முயற்சியைக் கைவிட்டார். மறு ஆண்டு மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை வேறொரு வழி கண்டார். தந்தையையோ தாயையோ அருகில் படுக்கவைத்து, குழாய்களால் குழந்தையுடன் இணைத்து, பெற்றோரின் இருதயமும் நுரையீரலும் குழந்தைக்காகவும் உழைக்குமாறு செய்தார். 1954-லும் 1955-லும் இவ்வாறு சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். பெற்றோருக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடிய முறையாதலால் அது நீடிக்கவில்லை. இயந்திரமே திருந்திய வடிவில் மீண்டு வந்தது.

அந்த இயந்திரமோ பச்சிளங் குழந்தைகளின் சிற்றுடலுக்கு ஏற்றதாயில்லை. ஆகவே 1960-களில் பெரும்பாலான மருத்துவர்கள் இரு கட்டமாகச் சிகிச்சை செய்தனர்: சிசுப் பருவத்தில் தற்காலிகப் பரிகாரம், நான்கைந்து வயதில் முழுத் திருத்தம். ‘கொஞ்சம் வளரட்டும்’ என்று நம் பாட்டிமார் கூறுவதையே அன்றைய மருத்துவ நூல்களும் கூறின.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டென்பது நாளடைவில் தெளிவாயிற்று. கீழறைகளின் நடுச்சுவரில் பெரிய துவாரம் இருந்தால், பிறந்த சில வாரங்களில் நுரையீரல் நாளங்கள் தளரத் தளர, இரத்தம் மிகுதியாக அங்கே பாய்கிறது. குழந்தை மூச்சு வாங்குகிறது, பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கிறது, எடை ஏறுவதில்லை. எடை ஏறட்டும் என்று காத்திருப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: எடை ஏறாமைக்குக் காரணமே அத்துவாரந்தான். காலம் செல்லச் செல்ல அந்த அழுத்தத்தால் நுரையீரல் நாளங்களின் சுவர் தடிக்கிறது. அப்போது மூச்சிரைப்புத் தணிந்து, குழந்தை தேறியதுபோல் ஒரு தோற்றம் உண்டாகலாம். உண்மையில் அது கதவு சாத்தப்படும் ஓசை. பின்னர் இரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கி உடல் நீலம் பாரிக்கும். 1897-இல் விக்டர் ஐசன்மெங்கர் என்பவர் விவரித்த இந்நிலையை அடைந்தபின், துவாரத்தை மூடுவதே உயிருக்குக் கேடாகும்.

இந்த உணர்வே காலக்கணக்கை மாற்றியது. 1969 முதல் நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிரையன் பாரட்-பாய்ஸ், ஜப்பானிய மருத்துவர்களின் அனுபவத்தைத் துணைக்கொண்டு, சிசுவின் உடலை ஆழக் குளிர்வித்து, இரத்தவோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, குறையை ஒரே முறையில் திருத்தினார். 1972-இல் பாஸ்டன் வந்த ஆல்டோ காஸ்டனெடா, சிசுப் பருவத்திலேயே முழுத் திருத்தம் என்பதைக் கொள்கையாகவே நிலைநாட்டினார். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காக 1975-இல் பிரேசிலின் அடிப் ஜாட்டெனி கண்ட முறை இன்று பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே செய்யப்படுகிறது. தாமதித்தால் இடது கீழறை வலுவிழந்து, உடல் முழுவதற்கும் இரத்தம் செலுத்தும் ஆற்றலை இழந்துவிடும்.

இதனால் எல்லாக் குறைகளுக்கும் உடனே கத்தி எடுக்க வேண்டுமென்று கொள்ளலாகாது. சிறு துவாரங்கள் பல தாமே மூடிக்கொள்கின்றன. மேலறைச் சுவரின் துவாரம், துன்பம் தராதவரை, பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்குச் சற்று முன்புவரை பொறுக்கும். குறைக்குக் குறை காலம் வேறு. அதனை நிர்ணயிப்பவர் மருத்துவரே. நம் நாட்டு நிபுணர்களும் இதற்கெனவே கூடி, இந்திய நிலைமைக்கேற்ற காலவரையறைகளை 2008-லும், திருத்திய வடிவில் 2019-லும் வெளியிட்டுள்ளனர். பெரிய கீழறைத் துவாரத்துக்கு, மருந்தால் நோய் கட்டுப்பட்டிருந்தாலும், ஆறு மாத வயதையே அவர்கள் எல்லையாகக் காட்டுகின்றனர். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் இக்குறைகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பவும் ஏற்பாடு உண்டு. அது எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது.

ஆகவே, வெளிமாநிலத்தில் வாழும் நாம் ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் பழக்கத்தை இவ்விஷயத்திலேனும் விட்டொழிக்க வேண்டும். மொழி புரியாவிட்டால், ‘எத்தனை மாதத்துக்குள்?’ என்ற ஒரே கேள்வியை மருத்துவரிடம் கேட்டு, விடையைத் தேதியாகவே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அன்று நம்மிடம் வந்த தம்பதியர் ரயில் சீட்டை ரத்து செய்துவிட்டு மறுநாளே மருத்துவமனைக்குச் சென்றனர். சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, ஊரிலிருந்து பாட்டி இங்கே வந்து சேர்ந்தார்.