நுவரெலியா மாவட்டம்

இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த மலை மாவட்டம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதலாகலை (2524 மீட்டர்) இங்குதான் உள்ளது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர். வேறெந்த மாவட்டத்திலும் அவர்கள் பெரும்பான்மையாக இல்லை.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபின் இம்மலைகளில் கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதிப்பத்திரம் இல்லாத நிலங்களை அரசுடைமையாக்கித் தோட்டக்காரர்களுக்கு வழிதிறந்தது. கண்டிச் சிங்கள விவசாயிகள் மேய்ச்சல் நிலங்களையும் சேனைப் பயிர்நிலங்களையும் இழந்தனர். 1869இல் பரவிய இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1885இல் ரயில் பாதை நானுஓயாவை எட்டியது.

வேலைக்கு ஆட்களைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் என்னும் மேற்பார்வையாளர்கள் திரட்டினர். கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தோருக்குக் கிடைத்தது லயம்: வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஒன்று, முன்னால் சிறு இஸ்தோப்பு, தண்ணீருக்குப் பொதுப் பீலி. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பிறகு மலை. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலிதான். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது பெரும்பாலும் பெண்களின் விரல்களே. மாசி மாதக் காமன் கூத்து இந்த லயங்களிலும் உயிரோடு இருந்தது.

ஹட்டனிலிருந்து தொழிற்சங்கம் வளர்த்தவர் கோ. நடேசய்யர். 1947 தேர்தலில் நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. இது மன்னிக்க முடியாத அநீதி.

5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடக்கூடாது என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். இம்மாவட்டத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளி தோட்டமாகாமல் எஞ்சியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் அதுவே நீர்மடி. மரைகள் மேயும் புல்வெளி, செந்நிறப் பூக்கள் மலரும் மகாரத்மல் மரங்கள், அருகிவரும் தேவாங்கு ஆகியன அதன் செல்வங்கள். 1988இல் தேசியப் பூங்காவாகி, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மலையகத் தமிழரில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. ஆயினும் லயங்களில் வாழும் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாம் குடியிருக்கும் நிலத்தின் உறுதிப்பத்திரம் இன்னும் கிடைக்கவில்லை.