மீண்டும் ஒலிக்கும் 'பென்ஹர்'

அந்தத் திரைப்படத்தில் இயேசுவின் திருமுகம் ஒருமுறையேனும் காட்டப்படுவதில்லை. விலங்கிடப்பட்டு, தாகத்தால் சோர்ந்து, நாசரேத்தூர்க் கிணற்றடியில் விழுந்து கிடக்கும் யூதா பென்ஹருக்குத் தண்ணீர் வார்க்கும் கைகளை மட்டுமே காண்கிறோம். தடுக்க வந்த உரோமைப் படைவீரன் அவர் முகத்தை ஏறிட்டு நோக்குகிறான், சொல்லிழந்து பின்வாங்குகிறான். அவன் கண்டதை நாம் காண்பதில்லை, கேட்கிறோம். ஆர்கனின் ஆழ்ந்த ஒலியும் நரம்பிசைக் கருவிகளின் உயர்ந்த ஒலியும் கலந்தெழும் ஒரு சிறிய இசைத்தொடரே இப்படத்தில் ஆண்டவரின் முகமாக நிற்கிறது.

வில்லியம் வைலர் இயக்க, எம்.ஜி.எம். நிறுவனம் 1959இல் வெளியிட்ட 'பென்ஹர்' 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்று இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷாவுக்குரியது. 1907இல் புடாபெஸ்டில் பிறந்த இந்த ஹங்கேரியர், 1951இல் வந்த 'குவோ வாடிஸ்' படத்துக்காகவே பண்டை உலகின் இசையை ஆராய்ந்தவர். பென்ஹரில் கிறிஸ்து பிறப்புக் காட்சிக்கு 'ஆதெஸ்தே ஃபிதேலஸ்' பாடலைச் சேர்க்க இயக்குநர் விரும்பியபோது ரோஷா இணங்கவில்லை. முதல் நூற்றாண்டுப் பெத்லகேமில் 18ஆம் நூற்றாண்டுப் பாடல் ஒலிப்பது பொய்யாகும் என்று கருதி, எளிய இசையொன்றைத் தாமே அமைத்தார். திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி 1995இல் வத்திக்கான் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில், சமயப் பிரிவில் பென்ஹரும் இடம்பெற்றது.

இவ்வளவு கருத்துடன் அமைந்த இசையை அதன் உரிமையாளர்கள் எவ்வாறு பேணினர்? 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில், இடம் அடைக்கின்றன என்று எம்.ஜி.எம். நிறுவனம் தன் இசை நூலகத்து ஏடுகளை அப்புறப்படுத்தியது. பல படங்களின் முழு இசைக்குறிப்புகளும், ஒவ்வொரு கலைஞரும் தம்முன் வைத்து வாசித்த தாள்களும் பள்ளம் நிரப்பும் குப்பையாயின. ஆகவே அப்படங்களின் இசையை மீண்டும் பதிவுசெய்ய விழைவோர், எஞ்சிய சுருக்கக் குறிப்புகளைத் துணைக்கொண்டு, படத்தின் ஒலியைக் காதால் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு கருவிக்கும் உரியதை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

பென்ஹர் இசைக்குப் பல பதிவுகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுக் கேட்கையில் முதலில் வியப்பூட்டுவது ஒன்றுண்டு. படம் வெளிவந்த நாளில் மக்கள் வாங்கிச் சென்ற இசைத்தட்டில் இருந்தது படத்தில் ஒலித்த பதிவன்று. கார்லோ சவீனா நடத்த, உரோமையின் சிம்பொனி இசைக்குழு தனியே வாசித்தது. ரோஷாவே நடத்திய மூலப்பதிவிலிருந்து இரு குறுந்தகடுகள் 1996இல்தான் வெளிவந்தன. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவர் இறைவனடி சேர்ந்திருந்தார். மறுபதிவையே மூலமென்று நம்பி ஒரு தலைமுறை கேட்டிருக்கிறது. கேட்டு உள்ளம் உருகியும் இருக்கிறது.

மூலப்பதிவு காட்சிக்குக் கட்டுண்டது. கப்பலில் அடிமைகள் துடுப்பு வலிக்கும் பகுதியை எடுத்துக்கொள்வோம். தண்டல்காரன் கட்டையால் அடிக்கும் தாளம் படிப்படியாக விரைவுபெற, இசையும் மூச்சிரைக்க உடன் ஓடுகிறது. அங்கே இசை தன் விருப்பப்படி நடக்கவில்லை. அதுவும் விலங்கிடப்பட்ட அடிமையே. 1977இல் ரோஷா தம் 70ஆம் வயதில், இலண்டன் கிங்ஸ்வே மண்டபத்தில், நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவையும் பாடகர் குழுவையும் கொண்டு தாமே மறுபதிவு செய்தார். மெதடிஸ்டு சபையார் கட்டிய அம்மண்டபம் ஒலிநயத்துக்குப் பெயர்பெற்றது. இங்கே காட்சியின் நொடிக்கணக்கு இல்லை. தேரோட்டிகளின் அணிவகுப்பு அகன்ற நடை போடுகிறது. கிறிஸ்துவுக்குரிய இசைத்தொடர் அவசரமின்றி மலர்கிறது. ஆயினும் ஒரே இசைத்தட்டின் அளவுக்குள் அடங்கவேண்டியிருந்ததால் தேர்ந்தெடுத்த பகுதிகளே அதில் உள்ளன.

பிராகு நகர ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, நிக் ரெய்ன் நடத்த, 2017இல் வெளியிட்ட பதிவோ முழுமையை நாடியது. உரையாடலுக்கு அடியில் மறைந்துகிடந்த சிறு பகுதிகளும் இதில் தெளிவாகக் கேட்கின்றன. கல்வாரிப் பயணத்தில், தமக்கு நீர் வார்த்தவருக்கு யூதா நீர் கொடுக்க முனையும்போது, கிணற்றடி இசை துயரத்தோடு திரும்பி வருவதைக் காட்சியின் துணையின்றியே உணர்கிறோம்.

இவற்றுள் எது உண்மையான பென்ஹர் இசை? மூலப்பதிவில் பிறப்பின் வெப்பம் உண்டு. 1977ஆம் ஆண்டுப் பதிவில் படைத்தவரின் முதிர்ந்த நினைவு உண்டு. பிராகுப் பதிவில் பின்வந்தோரின் பொறுமையான உழைப்பு உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. தனித்தனியே ஒவ்வொன்றும் சாட்சி. ஒருசேர அவை மரபு.

திருச்சபையின் இசை வரலாறும் இதையே சொல்கிறது. காலப்போக்கில் உருக்குலைந்த கிரகோரியன் பாடல்களை, பிரான்சு நாட்டுச் சொலெம் மடத்துத் துறவியர் பழைய கையேடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டு மீட்டனர். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903இல் திருஇசை குறித்து ஆணை வெளியிட, அவ்வுழைப்பின் கனியாகவே 1908ஆம் ஆண்டு வத்திக்கான் பாடல் ஏடு பிறந்தது. தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைப்பதாகப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். பெற்றுக்கொள்ளுதல் பெட்டியில் பூட்டிவைப்பதன்று. ஒப்படைத்தல் நம் விருப்பப்படி மாற்றுவதுமன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் மூச்சைக் கொடுத்து மீண்டும் ஒலிக்கச் செய்வதே மரபு.

நம் ஆலயங்களின் பாடகர் மேடைகளிலும், மறைந்த ஆசிரியர்கள் கையால் எழுதிய பாடல் ஏடுகள் இருக்கலாம். இடம் அடைக்கின்றன என்று அவற்றை அகற்றுமுன் ஒருகணம் சிந்திப்போம். பள்ளத்தில் புதைந்த தாள்களை எவரும் தோண்டி எடுக்கவில்லை. அந்த இசையை அன்போடு கேட்டு மனத்தில் கொண்டிருந்தோர் இருந்ததாலேயே அது மீண்டும் எழுந்தது.