வேலை விசா (சேதராப்பட்டு)
இந்தியாவில் குறிப்பிட்ட காலம் பணிபுரிய வரும் வெளிநாட்டு வல்லுநருக்கான அனுமதி. புதுச்சேரி நகருக்கு வடமேற்கே உள்ள சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஓர் ஆலை அயல்நாட்டுப் பொறியாளரை அமர்த்தினால், அவர் புறப்படும் முன்பே இந்தியத் தூதரகத்தில் இதைப் பெற்றாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்திறங்கி மாற்றிக்கொள்ள முடியாது. உள்ளூரில் ஆள் கிடைக்கும் சாதாரண வேலைகளுக்கு இது கிடையாது. ஆண்டுச் சம்பளம் ரூ.16.25 லட்சத்துக்குக் குறையக் கூடாது. ஆங்கிலம் அல்லாத மொழிகளின் ஆசிரியர்களுக்குச் சம்பள வரம்பில் விலக்கு உண்டு. பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிறுவனம் 1889 முதல் இயங்கும் புதுச்சேரிக்கு இது பயனுள்ள சலுகை.

விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை இணையவழியிலேயே ஏற்றலாம். தங்க இடம் கொடுத்தவரும் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். வீட்டுக்காரர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான். நீட்டிப்புக்கு வருமான வரி கட்டிய சான்று தேவை. உச்சவரம்பு 5 ஆண்டு.

விசா குறிப்பிட்ட நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. பக்கத்து மதிலுக்கு அப்பால் உள்ள ஆலை கூடுதல் சம்பளம் தந்தாலும், ஊர் திரும்பிப் புதிய விசா எடுத்தே சேர முடியும். தாய் நிறுவனத்துக்கும் துணை நிறுவனத்துக்கும் இடையே என்றால் அனுமதியோடு மாறலாம். பணியாளரை முதலாளியின் தயவில் நிறுத்தும் கடுமையான விதி இது. வெளிநாட்டினர் வருகைக்கும் பதிவுக்கும் அடிப்படையாக, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்துக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறையில் உள்ளது.