சர்ப்பகந்தியும் உளநோய் மருத்துவமும்

உளநோயை மருந்தினால் தணிக்கும் இக்கால முறை 1952 ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரத்துச் சென் ஆன் வைத்தியசாலையிலே தோன்றியதெனக் கூறுதல் வழக்கமாயிற்று. டிலேய், டெனிக்கர் என்னும் மருத்துவர் இருவர் அவ்வாண்டிலே குளோர்புறோமசீன் என்னும் மருந்தைக் கொடுத்து, வெறிகொண்ட நோயாளர் அமைதியுறக் கண்டனர். இக்கூற்றுப் பிழையன்று, எனினும் முழுமையுமன்று. அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்னரே, உன்மாதத்திற்கும் மிகை இரத்த அமுக்கத்திற்கும் ஏற்ற புதிய இந்திய மருந்து எனச் செடியொன்றின் வேரைக் குறித்து இந்திய மருத்துவ இதழொன்றிலே கட்டுரை வெளிவந்திருந்தது.

அச்செடி சர்ப்பகந்தி. சிங்கள மக்கள் அதனை ஏகவேரிய என்பர். இந்தியாவிலும் இலங்கையிலும் ஈரலிப்பான காட்டு நிலங்களில் வளரும் இச்சிறுசெடியின் கசப்பு வேரை நாட்டு வைத்தியர் பாம்புக்கடிக்கும், காய்ச்சலுக்கும், உறக்கமின்மைக்கும் வழங்கினர். பீகார் நாட்டுச் சந்தைகளிலே அது விசருக்கு மருந்து என்ற பெயராலேயே விற்கப்பட்டது. மேலைத் தாவரவியலார் இச்செடியினத்திற்கு இட்ட ரவுவோல்பியா என்னும் பெயரோ 16 ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய மருத்துவரான ரவுவோல்ப் என்பாரை நினைவூட்டுவது. அவருடைய கீழைத்தேசப் பயணம் இந்தியாவை எட்டவில்லை. பெயர்கள் பல வேளைகளில் இவ்வாறே அமைகின்றன.

1931 ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியோர் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போசுமாவர். சேனர் ஆயுர்வேதத்தோடு மேலை மருத்துவமும் கற்றவர். வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரேன் வரை நாளுக்கு இருமுறை கொடுத்தால் உறக்கம் உண்டாவதோடு இரத்த அமுக்கமும் வெறியும் தணியும் என்று அவர்கள் குறித்தனர். அளவு கூறி, விளைவு கூறி எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு அது. வெறும் செவிவழிச் செய்தியன்று. அதே ஆண்டில் டெல்லி ஆயுர்வேத யூனானிக் கல்லூரியிலே சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து பளிங்குருவான சில பொருள்களைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றிற்கு, தம்மை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் எனப் பெயரிட்டார்.

இத்துணை நிகழ்ந்தும் உலகம் ஏன் இருபது ஆண்டு வாளாவிருந்தது? ஐரோப்பியர் இந்திய இதழ்களைப் படித்திலர் என்பது ஒரு காரணம், அது மெய்யே. ஆயினும் பழி முழுவதையும் அவர்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. சித்திக்கி பிரித்த பளிங்குப் பொருள்களிலே அமைதி தரும் ஆற்றல் காணப்படவில்லை. அவற்றை நீக்கியபின் எஞ்சிய பிசின் போன்ற கழிவிலேயே அது தங்கியிருந்தது. கல்கத்தாவிலே சோப்ராவும் அவரைச் சார்ந்தோரும் இதனை உணர்ந்தும், அதனுள் மறைந்த பொருளைத் தூய்மையாகப் பெற்றிலர். வேரின் வலிமையும் விளைந்த இடத்திற்கேற்ப வேறுபட்டது. ஆகவே ஓரிடத்து அளவு பிறிதோரிடத்துப் பொருந்தவில்லை. நம் முன்னோர் அனைத்தும் அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். மேலை விஞ்ஞானமே யாவும் கண்டது என்போர் சேனரையும் போசையும் மறந்துவிடுகின்றனர்.

1949 இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்த அமுக்க நோயாளரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இருதய மருத்துவ இதழிலே வெளியிட்டார். மேனாட்டார் விழித்தனர். சுவிற்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரிலே சீபா நிறுவனத்தைச் சேர்ந்த முல்லர், ஷ்லிற்லர், பைன் என்போர் 1952 இல் அக்கழிவிலிருந்தே றெசேர்பீனைப் பிரித்தனர். நியூயோர்க் மாநில றொக்லண்ட் வைத்தியசாலையில் நேதன் கிளைன் அம்மருந்தை உளநோயாளருக்குக் கொடுத்து 1954 இல் முடிபுகளை வெளியிட்டார். நோயாளர் உடைத்த யன்னல்களுக்குக் கண்ணாடி போடும் தொழிலாளியே, வேலை குறைந்துவிட்டதென மாற்றத்தை முதலில் உணர்ந்தான் எனக் கூறப்படுவதுண்டு. 1957 இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு பெற்றோருள் வக்கீலும் கிளைனும் இருந்தனர். சேனர், போஸ் பெயர்கள் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

றெசேர்பீனின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் பயன் தோன்ற வாரங்கள் சென்றன. இரத்த அமுக்கம் மிகத் தாழ்ந்தது. சிலருக்கு உடல் விறைத்தது. மனச்சோர்வு உண்டாவதாகவும் அஞ்சப்பட்டது. அவ்வச்சம் மிகையென ஐயுறும் ஆய்வாளர் பின்னர்த் தோன்றினர். எவ்வாறாயினும், விரைந்து பயன் தந்த குளோர்புறோமசீன் உளநோய் விடுதிகளிலே அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது.

ஆயினும் மருந்தாகத் தோற்ற அப்பொருள் ஆய்வுக்கூடத்திலே பெரும்பயன் விளைத்தது. 1955 இல் அமெரிக்காவிலே புறோடியின் ஆய்வுக்கூடத்தார், றெசேர்பீன் மூளையிலுள்ள செரற்றோனின் என்னும் பொருளை வெறுமையாக்குவதைக் காட்டினர். மனநிலை மாற்றத்தை மூளை இரசாயனத்தோடு இணைத்து ஆராய அது வழி திறந்தது. அக்கூடத்திலே பயின்ற சுவீடன் நாட்டு ஆர்விட் கால்சன், றெசேர்பீன் ஏற்றி அசைவற்றுக் கிடக்கச் செய்த முயல்களுக்கு 1957 இல் எல்-டோப்பா என்னும் பொருளை ஏற்றினார். முயல்கள் மீண்டும் எழுந்து நடமாடின. டோப்பமின் மூளையிலே தனிக் கடமை ஆற்றுவதென அவர் நிறுவியதும், பாக்கின்சன் நோய்க்கு எல்-டோப்பா மருந்தானதும் அம்முயல்களைத் தொடர்ந்தே. கால்சனுக்கு நொபேல் பரிசு 2000 ஆம் ஆண்டிலே கிடைத்தது.