மியூசியம் தோட்டமும் வெங்ஙானூர்ப் பாதையும்

திருவனந்தபுரத்திற்கு நம் உறவினர் எவர் வந்தாலும், பத்மநாப சுவாமி கோயிலைத் தொழுது, சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் வாங்கி முடித்தபின், அடுத்துக் கேட்பது மியூசியம் தோட்டத்தைத்தான். நம் சங்கத்து அன்பர்களிலும் அத்தோட்டத்தின் பெஞ்சுகளில் அமர்ந்து ஊர்க்கதை பேசாதவர் இரார். பலமுறை கண்ட இடத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நாமும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் எண்ணியிருந்தோம். நம் மகள் கேட்ட ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

நாம் குடியிருப்பது நகரில் அன்று. நகருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விழிஞ்ஞத்தில். ரெயில்வேயில் எழுத்தராக 2006-ஆம் ஆண்டு மாற்றலாகி இங்கு வந்தபோது, நிலையத்திற்கு அருகிலேயே வீடு பார்க்க முயன்றோம். ஒரு வீட்டுக்காரர், வாடகையைச் சொல்லுமுன் நம் சாதியைக் கேட்டார். விடையைக் கேட்டபின், வீடு வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்றார். சிரித்த முகத்துடன்தான் சொன்னார். அதன்பின் விழிஞ்ஞத்து மீனவக் குடும்பம் ஒன்று தங்கள் மாடியை நமக்குத் தந்தது. முன்பணம் எவ்வளவு என்பதைத் தவிர வேறொன்றும் அவர்கள் கேட்கவில்லை.

அங்கே சென்றபின்னரே விழிஞ்ஞத்தின் பெருமை நமக்குத் தெரிந்தது. அது ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேடு, கடலையே அகழியாகக் கொண்ட கோட்டை என்று அவ்வூரைப் பேசுகிறது. சோழர் அதைக் கைப்பற்றி இராசேந்திர சோழப் பட்டினம் என்று பெயர் சூட்டினர். கலிங்கத்துப் பரணியிலும் விழிஞத்தின் பெயர் வருகிறது. இத்தனை போருக்கும் சாட்சியாக இன்று அங்கே எஞ்சி நிற்பது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் சிறிய குடைவரைக் கோயில் ஒன்றே. அதன் வெளிச்சுவரில் சிவபெருமானின் உருவங்கள் பாதி செதுக்கப்பட்டு அப்படியே விடப்பட்டுள்ளன. இப்போதோ, 2025 மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தில், மலை போன்ற சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. நிற்க.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு மியூசியம் சென்றோம். ஞாயிறு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நமக்கு வார ஓய்வு திங்கட்கிழமை. காட்சிசாலைக்கும் விலங்குகளுக்கும் திங்கட்கிழமையே விடுமுறை. ஆகவே பல ஆண்டுகளாக நாம் மூடிய கதவைக் கண்டு, தோட்டத்தை மட்டும் சுற்றித் திரும்பியிருக்கிறோம். அதிலும் குறை ஒன்றும் இல்லை. காலையில் அங்கு நடை பழகுவோரின் கூட்டம் சொல்லி முடியாது. ஓய்வு பெற்ற அதிகாரியும், கடைச் சிப்பந்தியும், முக்காடிட்ட மூதாட்டியும், காலுறை அணிந்த கல்லூரி மாணவியும் ஒரே பாதையில் ஒருவரையொருவர் முந்திச் செல்வர். வெளியே பேருந்துகள் அலறிக்கொண்டிருக்கும். வாயிலைக் கடந்து ஐம்பது அடி வைத்ததும் மரங்கள் அவ்வோசையை வாங்கிக்கொள்ளும். நடுவே பழைய வாத்திய மண்டபம். அதற்கப்பால், சிவப்பும் கருப்பும் வெளிர் நிறமுமாகப் பட்டை தீட்டிய சுவர்களோடும், ஒன்றன்மேல் ஒன்றாக எழும் கூரை முகப்புகளோடும் நேப்பியர் மியூசியம்.

அக்கட்டடத்தை வரைந்தவர் இராபர்ட் சிசம் என்னும் ஆங்கிலேயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அவர் கைவண்ணமே. ஆனால் இங்கு அவர் சென்னையில் செய்ததைத் திரும்பச் செய்யவில்லை. கேரளக் கோயில்களின் சரிந்த கூரையையும் மரவேலையையும் எடுத்துக்கொண்டு, வெளிக்காற்று தானே உள்ளே புகுந்து உலாவும்படி அமைத்தார். பணி 1880-இல் முடிந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. சென்னையில் கூவம் கடலோடு கலக்குமிடத்திலுள்ள பாலத்திற்கும் இவர் பெயரே. ஆறு ஆண்டுகள் ஆண்டவருக்கு இவ்வளவு நீண்ட நினைவு வாய்த்தது அதிர்ஷ்டம்தான்.

ஆனால் தோட்டத்தின் கதை நேப்பியருக்கும் முந்தியது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராசா ஆண்ட காலத்தில், ரெசிடெண்டாக இருந்த கல்லன் தளபதியின் முயற்சியாலும், திருவனந்தபுரம் வானிலை ஆய்வகத்தின் தலைவரான ஜான் ஆலன் புரோனின் உழைப்பாலும், 1857 செப்டம்பரில் இங்கே பொருட்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. வடக்கே டெல்லியில் சிப்பாய்களின் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த அதே மாதம் அது! சென்னைப் பல்கலைக்கழகம் சட்டப்படி தோன்றியதும் அம்மாதமே. ஈராண்டுகளில், அதாவது 1859-இல், அதே வளாகத்தில் விலங்குகளின் காட்சிசாலையும் தோட்டமும் அமைந்தன. புலியையும் யானையையும் அரண்மனை முற்றத்தில் கட்டி வைத்து மன்னர் மட்டும் பார்த்த காலம் போய், குடிகளும் வந்து பார்க்கலாம் என்னும் காலம் பிறந்தது. உலகெங்கும் அப்பொழுது அக்காற்றே வீசியது. இங்கிலாந்தில் பொதுப்பணத்தால் அமைந்த பர்க்கன்ஹெட் பூங்கா 1847-இல் திறக்கப்பட்டது. நம் சென்னையில் டிரெவெலியன் ஆளுநராக இருந்தபோது, சென்டிரல் நிலையத்தின் அருகே மக்கள் பூங்கா தோன்றியது.

அந்த மக்கள் பூங்கா இன்று எங்கே? அதன் ஒரு பகுதியில் மூர் மார்க்கெட் எழுந்தது. அது 1985-இல் தீக்கிரையானபின், அவ்விடத்தில் புறநகர் ரெயில் நிலையம் வந்தது. அங்கிருந்த விலங்குகள் அவ்வாண்டே வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. ரெயில்வே ஊழியராகிய நாம் இதை எழுதும்போது சற்றே கூச்சம் உண்டாகிறது. அங்கே வண்டி பிடிக்க ஓடும் ஆயிரக்கணக்கானோரில், தம் காலடியில் பூங்கா ஒன்று இருந்ததை நினைப்பவர் சிலரே. திருவனந்தபுரமோ தன் தோட்டத்தை இடம் பெயர்க்காமல் காத்துக்கொண்டது. சுற்றிலும் நகர் நெருக்கிய பின்னும், மரமும் விலங்கும் ஓவியமும் ஒரே மதிலுக்குள் இன்றும் இருக்கின்றன. ரவிவர்மாவின் ஓவியங்களைக் காணவும் வேறெங்கும் போக வேண்டியதில்லை. அவற்றை முன்பு கொண்டிருந்த சித்ரா ஓவியக் கூடம், சித்திரைத் திருநாள் மகாராசா காலத்தில், 1935-இல் இங்கு திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் நாம் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்டே வந்தோம். மகள் நீர்நாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “குடிகள் எல்லாரும் வந்து பார்க்கலாம் என்றீர்களே அப்பா, எல்லாரும் வந்தார்களா?”

நமக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. வெளியே அழைத்து வந்தோம். கனகக்குன்றைக் கடந்து சிறிது நடந்தால் வெள்ளையம்பலம் சந்தி. அங்கே, நாற்புறமும் வண்டிகள் சுழலும் நடுவில், தலைப்பாகை அணிந்து நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் வெண்கலச் சிலை உண்டு. 1980-இல் இந்திரா காந்தி அம்மையார் திறந்து வைத்தது. பேருந்திலிருந்து நூறு முறை பார்த்திருப்போம். அவர் அய்யன்காளி. பிறந்த ஊர் வெங்ஙானூர். விழிஞ்ஞத்தை ஒட்டிய ஊர் அது. நம் மாடியிலிருந்து நடந்து போகும் தொலைவு.

1863-இல் புலையர் குடியில் பிறந்த அவர் காலத்தில், தோட்டம் இருந்தது. தோட்டத்திற்குச் செல்லும் சாலைதான் இல்லை. சாலை இல்லை என்றால் கல்லும் மண்ணும் இல்லை என்பதன்று. பொதுச்சாலைகளில் எல்லாச் சாதியாரும் செல்லலாம் என்று திருவிதாங்கூர் அரசு 1865-இலேயே அறிவித்திருந்தது. 1884-இல் மீண்டும் அதையே வலியுறுத்தியது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது. சாலையில் தடியோடு வேறு சிலர் இருந்தனர். எதிரே மேல்சாதியார் வந்தால் புலையர் சேற்றில் இறங்கி ஒதுங்க வேண்டும். வண்டியில் ஏறிச் செல்வதோ நினைத்தும் பார்க்க முடியாதது.

1893-இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை இவற்றோடு, மணி ஒலிக்க வெங்ஙானூர்ச் சாலையில் ஓட்டிச் சென்றார். மறித்தவர்களுக்கு அஞ்சித் திரும்பவில்லை. அந்த மணியோசை அதற்குமுன் அச்சாலையில் கேட்டிராத ஓசை. வைக்கம் தெருக்களுக்காக நம் பெரியார் சிறை சென்ற 1924-க்கு முப்பத்தோரு ஆண்டுகள் முந்திய செய்தி இது. வைக்கத்தை நாம் ஆண்டுதோறும் மேடையில் பேசுகிறோம். வெங்ஙானூரைப் பேசியதாக நமக்கு நினைவில்லை.

1898-இல் அவரும் தோழர்களும் நடந்து சென்றபோது, பாலராமபுரம் சாலியர் தெருவில் பெருங்கலகம் மூண்டது. இரு புறத்தும் குருதி சிந்திற்று. பாலராமபுரத்துக் கைத்தறியை நாம் அனைவரும் அறிவோம். அங்கு நெசவு செய்யத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களே சாலியர். குடியேறிய தமிழரின் கைத்திறனுக்கு அத்தெருவை எடுத்துக்காட்டும்போது, அங்கே நிகழ்ந்த இக்கலகத்தை விட்டுவிட்டுச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

சாலையைக் கடந்தபின் பள்ளி. அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் தம் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று நின்றார். சேர்க்க மறுத்தால் வயலில் இறங்க மாட்டோம் என்று உழவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். விதைப்பு நின்றது, வயலில் புல் முளைத்தது. சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்வதை ரெயில்வேக்காரர்களாகிய நாம் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறோம்! பின்னர், பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவரே கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். அப்பள்ளி எரிக்கப்பட்டது. பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அப்பள்ளியில் இன்றும் பாதுகாத்து வைத்துள்ளனர். 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

1911-இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சபை கூடியது பாளையத்தில் 1896-இல் எழுந்த விக்டோரியா ஜூபிலி மண்டபத்தில். மியூசியத்திலிருந்து கால்நடையாகவே போகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர், அங்கே நிலமும் பள்ளியும் கேட்டு ஆண்டுதோறும் பேசினார். 2019-இல் அம்மண்டபத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. சித்ரா ஓவியக் கூடம் திறந்த 1935-இல், ரவிவர்மா தீட்டிய தெய்வ உருவங்கள் சுவரில் இருந்தன. அத்தெய்வங்களின் கோயில் வாயிலோ புலையருக்கு மூடியே இருந்தது. மறு ஆண்டு, 1936 நவம்பர் 12-இல், ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. 1937 சனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கே வந்து அய்யன்காளியைக் கண்டார். 1941-இல் அவர் மறைந்தார்.

மகளுக்கு இவ்வளவையும் சிலையடியில் நின்று சொல்லவில்லை. அங்கே நிற்க இடமும் இல்லை. வண்டிகள் விடுவதும் இல்லை. திரும்பும் வழியில் பேருந்தில் சிறிது சிறிதாகச் சொன்னோம். 2006-இல் வீடு தேடிய கதையையும் அன்றுதான் அவளிடம் முதன்முறையாகச் சொன்னோம். அவள் வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அந்த வீடு எந்தத் தெரு என்று கேட்டாள். சொல்லவில்லை.

அடுத்த வாரம் நமக்கு வழக்கமான திங்கட்கிழமை ஓய்வு. மியூசியம் மூடியிருக்கும், அவளுக்கும் அன்று பள்ளி இல்லை. விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரம் செல்லும் சாலையில் இருவரும் நடந்தோம். துறைமுகத்தையும் பாலராமபுரத்தையும் இணைக்கப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ரெயில் பாதை திட்டமிடப்பட்டுள்ளது. அதன் பெரும்பகுதி நிலத்தடிச் சுரங்கம். மேலே வில்வண்டி ஓடிய மண். கீழே நம் சரக்கு வண்டிகள் ஓடும். வெங்ஙானூரில் அவருடைய நினைவிடத்தின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். அங்கே கூட்டம் இல்லை. நுழைவுச் சீட்டு இல்லை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், எங்கிருந்து வருகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். விழிஞ்ஞம் என்றாள் மகள். அவர் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.